இயற்கைப் பெருக்கம்: மலையகச் சிறுவரும் பிரசாவுரிமை விசாரணையும்

இலங்கைப் பெருந்தோட்ட மக்களைப் பற்றிய ஆய்வுகள் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்திலே கணிசமாகப் பெருகியுள்ளன. சம்பளம், தொழிற்சங்கம், வாக்குரிமைப் பறிப்பு, நாடு திருப்பியனுப்புதல் என்பன பற்றிப் பல கோணங்களில் நின்று எழுதப்பட்டுள்ளது. எனினும், இம்மக்களைக் குறித்து இயற்றப்பட்ட ஏறத்தாழ எல்லாச் சட்டங்களிலும் இடம்பெற்று, அச்சட்டங்களின் நோக்கிலே தமக்கெனக் குரலொன்று உடையோராக ஒருபோதும் கருதப்படாத பிரிவினர் ஒருவர் உளர். தோட்டத்துச் சிறுவரையே குறிப்பிடுகிறோம்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மாந்தரைப் பங்கிட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். இவ்வெண்கள் பலரும் அறிந்தவை. பலரும் நின்று நோக்காதது அவ்வெண்களோடு ஒட்டிவரும் ஒரு தொடராகும். ஒவ்வொரு தொகையினரோடும் அவர்களது ‘இயற்கைப் பெருக்கமும்’ சேர்ந்து செல்லும் என ஒப்பந்தம் கூறிற்று. இயற்கைப் பெருக்கம் என்பது குடித்தொகைக் கணக்கிற்குரிய சொல். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்துப் பெறும் மிகுதி. ஒப்பந்தத்திலே அது பெயரும் வயதும் உள்ள பிள்ளைகளைக் குறித்தது. ஹட்டனிலும் டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் லயக்காம்பிராக்களிலே பிறந்து, அங்குள்ள தோட்டப் பாடசாலைகளிலே எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இரண்டு அரசுகள் சேர்ந்து வைத்த பெயர் அது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவெம்பர் 20ஆம் நாள் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன் கருத்தை உருவாக்கிக்கொள்ளும் ஆற்றலுள்ள பிள்ளை தன்னைப் பாதிக்கும் எவ்விடயத்திலும் அக்கருத்தைத் தடையின்றி வெளியிடும் உரிமையுடையது என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு உரிய மதிப்பளிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகின்றது. அதன் இரண்டாம் பகுதி, நீதிமன்ற நடவடிக்கைகளில் மட்டுமன்றி நிருவாக நடவடிக்கைகளிலும் பிள்ளைக்குச் செவிகொடுக்கப்பட வேண்டும் என்று விதிக்கின்றது. ‘நிருவாக’ என்ற சொல்லை இவ்விடத்திலே அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். மலையக மக்களின் தலைவிதி பெரும்பாலும் நீதிமன்றத்திலே தீர்க்கப்பட்டதன்று. ஆணையாளர், உதவி ஆணையாளர், விசாரணை உத்தியோகத்தர் என்போரின் மேசைகளிலே கோவை கோவையாகத் தீர்க்கப்பட்டது அது. இச்சமவாயத்தை இலங்கை 1991 ஜூலை 12ஆம் நாள் ஏற்புறுதி செய்தது. அதற்குள் மலையகத்தின் பெரும் விசாரணைகள் யாவும் நடந்து முடிந்திருந்தன. இவ்வுரிமையை அவ்விசாரணைகளின் வரலாற்றோடு வைத்து நோக்கும்போது, அதன் பொருள் சட்ட நூல்களிலே காண்பதினும் வேறாகத் தோன்றுகின்றது.

முன்னோன் எழுதிய ஓலை பின்னோனைக் கட்டும் என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தைச் சமய நூலாகவே படித்துப் பழகிவிட்டோம். அதனை ஒரு வழக்கின் பதிவாகவும் படிக்கலாம். மணக்கோலத்தில் நிற்கும் இளைஞரை நோக்கி, உன் பாட்டன் தானும் தன் வழிவந்தோரும் எனக்கு அடிமை என்று எழுதித் தந்தான் என்கிறார் முதியவர். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கின்றது. ஓலையின் கையெழுத்துப் பாட்டனின் வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கப்படுகின்றது, ஓலை வெல்கின்றது. வந்தவர் இறைவன் என்பதால் பக்தருக்கு அத்தீர்ப்பு இனிக்கின்றது. சோழர் காலக் கல்வெட்டுகளிலே தம்மையும் தம் வழியினரையும் கோயிலுக்கும் மடத்துக்கும் விற்றுக்கொண்டோரின் செய்திகளைக் காண்பவர்க்கு, அப்புராணக் கதையின் சட்ட அடிப்படை வெறுங்கற்பனையன்று என்பது விளங்கும். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. திருவெண்ணெய்நல்லூரிலே பேரனுக்குப் பேச இடம் கிடைத்தது. அவர் ஓலையைக் கிழித்தார், வாதிட்டார், தோற்றார். மலையகத்துப் பேரப்பிள்ளைக்கு ஓலையைக் கண்ணால் காணும் வாய்ப்பும் வாய்க்கவில்லை.

பெருந்தோட்டம் தனியாளை விலைக்கு வாங்கிய அமைப்பன்று. குடும்பத்தை வாங்கிய அமைப்பு. கோப்பிக் காலத்திலே பருவந்தோறும் வந்து திரும்பிய ஆண் தொழிலாளரே மிகுதியாயிருந்தனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். அதற்கு நிலையாகக் குடியிருக்கும் உழைப்புப் படை வேண்டியிருந்தது. பெண்ணின் கையும் பிள்ளையின் கையும் அப்படையில் அடங்கின. பெரிய கங்காணியிடம் பட்ட கடனும் நடைமுறையிலே குடும்பத்தின் கடனாகவே இருந்தது. தோட்டம் விட்டுத் தோட்டம் செல்லத் தேவையான துண்டிலே எழுதப்பட்ட தொகை அக்குடும்பத்தின் விலையாயிற்று. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குடும்பத்தை ஓர் அலகாகக் கணக்கிடும் முறை ஒழிக்கப்படவில்லை.

இதற்கு ஐயத்திற்கிடமற்ற சான்று 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாகும். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வகுத்த அச்சட்டத்தின் கீழ் 1929இலே மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தல் தடுக்கப்பட்டது. அஃதாவது, பதினொரு வயதுப் பிள்ளை சட்டத்தின் பார்வையிலே தொழிலாளியாகும். அதன் உழைப்பு ஆணின் உழைப்பிலே ஐந்தில் மூன்று பங்கு மதிப்புடையது என்று சதக் கணக்கிலே அறுதியிடப்பட்டிருந்தது. 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச்சட்டத்தின் கீழும் சிறுவர்க்கெனத் தனிவீதம் தொடர்ந்தது. காலையிலே பிரட்டுக்களத்தில் நிற்கும்போதும் செக்ரோலில் பெயர் விழும்போதும் பிள்ளை தனியாள். சம்பளம் பெறும்போது அது குடும்பத்தின் பகுதி. முறைப்பாடு சொல்லும்போதோ அது ஆளே அன்று.

பிறப்பும் அவ்வாறே. தோட்டத்திலே நிகழும் பிறப்பை அதிகாரிகளுக்கு அறிவிக்கும் கடமையைச் சட்டம் தோட்டத்துரையிடம் ஒப்படைத்திருந்தது. கணக்கப்பிள்ளை காதிலே விழுந்தபடி எழுதிய பெயர், துரையின் அறிவித்தலிலே ஆங்கில எழுத்தேறி, பதிவாளரின் ஏட்டிலே வேறொன்றாகி நிற்பது அரிதன்று. தந்தையின் பெயர் ஒரு பத்திரத்திலே கறுப்பையாவாகவும் மற்றொன்றிலே கருப்பனாகவும் இருந்தால் அது எழுதியவரின் பிழை. பின்னாளிலே அதற்கு விடை சொல்ல வேண்டியவரோ எழுதப்பட்டவர்.

இக்காலப் பகுதியிலே ஹட்டன் பெற்றிருந்த இடத்தைச் சிறிது சொல்லவேண்டும். 1884இலே புகையிரதம் வந்தபின் சுற்றுவட்டத் தோட்டங்களுக்கு அது வாயிலாயிற்று. 1931இலே கோ. நடேசையர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அதன் தலைமையகத்தை ஹட்டனிலே வைத்தபோது, துரைக்கும் கங்காணிக்கும் அப்பாற்பட்ட ஒருவரிடம் முறைப்பாடு சொல்லலாம் என்னும் வாய்ப்பு முதன்முறையாகத் தோட்டத்து வாசலுக்கு அருகே வந்தது. அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் மேடைகளிலே பாடியும் பாட்டுப் புத்தகங்களை வெளியிட்டும் செய்த பணி, எழுதப் படிக்கத் தெரியாதோரின் குறையைப் பொதுவிடத்தில் ஒலிக்கச் செய்தது. மனு எழுதுதல் என்னும் கலை மலையகத்திலே வளர்ந்த வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டால் ஹட்டன் அதன் முதல் அத்தியாயமாக அமையும். ஆனால் தொழிற்சங்கம் கற்பித்த மனுவும் குடும்பத் தலைவனின் மனுவே. பிள்ளையின் குறை தந்தையின் குறையாகவே அதில் எழுதப்பட்டது. அன்றைய நிலையில் வேறு வழியும் இருக்கவில்லை எனலாம். ஆயினும் அவ்வழக்கம் பின்னர் அரசு எடுத்தாண்ட வடிவத்தோடு பொருந்திப்போயிற்று என்பதை மறைப்பதிற் பயனில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நாட்டிலே பிறந்தோரைப் பிறப்பைக் கொண்டன்றி வம்சாவளியைக் கொண்டே பிரசையாக்கியது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிலே பிறந்தவர், தம் தந்தை இலங்கையிலே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் என்றோ நிறுவவேண்டும். பின்னர்ப் பிறப்பவருக்குத் தந்தை பிரசையாக இருத்தல் வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது, மணவழிப் பிள்ளையைப் பொறுத்தவரை, கேள்வியே அன்று. தோட்டத்தின் வருமானத்தைத் தன் விரல்நுனியால் கிள்ளித் தந்த பெண் தன் பிள்ளைக்கு நாட்டைத் தர இயலாதவளாயினாள். இக்குறை நீங்க 2003ஆம் ஆண்டின் திருத்தம் வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

அடுத்த ஆண்டு வந்த 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் (பிரசாவுரிமை) சட்டமே நமது ஆய்வுக்கு மிகவும் வேண்டியது. மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1க்கு முன் இடையறாது வதிந்திருக்கவேண்டும் என்றும், அதன் பின்னரும் அவ்வதிவு தொடர்ந்திருக்கவேண்டும் என்றும் அது விதித்தது. இதனைத் தந்தை தம்மளவில் நிறுவினாற் போதாது. விண்ணப்பிப்பவர் மணமான ஆணாயின் அவர் மனைவியும், அவரைச் சார்ந்த வயதுவராத ஒவ்வொரு பிள்ளையும் இடையறாது இங்கே வதிந்தமையும் நிறுவப்படவேண்டும். இவ்விதியின் இயல்பைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும். தாய் பிள்ளைப்பேற்றுக்குத் திருச்சிராப்பள்ளிப் பக்கத்துத் தாய்வீடு சென்றாள். பிள்ளை இரண்டாண்டு பாட்டியிடம் வளர்ந்து திண்ணைப் பள்ளியிலே படித்தது. பின்னர் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. இப்பயணம் நாற்பது ஆண்டு மலையை விட்டு இறங்காத தந்தையின் விண்ணப்பத்தை வீழ்த்தப் போதுமானதாகலாம். பிள்ளையின் கால் நடந்த வழி தந்தைக்கு எதிரான சான்றாயிற்று. அந்தப் பிள்ளை ஏன் சென்றது, எங்கே இருந்தது, எதனைத் தன் ஊரென்று கருதியது என்று அதனிடம் கேட்கவேண்டும் என்னும் விதி சட்டத்தில் எங்கும் இல்லை.

இச்சட்டத்தின் கீழ் 1951 ஓகஸ்ட் வரை ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவை ஏறத்தாழ 8,24,000 பேரை உள்ளடக்கியிருந்தன. இவ்விரண்டு எண்களும் ஆய்வுகளிலே அடிக்கடி எடுத்தாளப்படுவன; அவற்றுக்கிடையிலான வேறுபாடு எடுத்தாளப்படுவதில்லை. கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இட்டவர் இரண்டே முக்கால் இலட்சம் கூட இல்லை. எஞ்சிய 5,87,000 பேர் பிறரது விண்ணப்பத்தின் உள்ளே பெயராக மட்டும் இருந்தவர். மனைவியரும் பிள்ளைகளும் ஆவர். இறுதியிலே பிரசாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர், ஆறில் ஒருவர். எஞ்சியோர் நாடற்றோராயினர். நாடற்றவர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவது தலைப்பாகை கட்டிய தொழிலாளியின் உருவம். கணக்கோ வேறு உருவத்தைக் காட்டுகின்றது.

விசாரணை முறையைப் பற்றியும் கூறவேண்டும். நீதிமன்ற நடைமுறையின் சம்பிரதாயங்களிலிருந்தும் சான்று விதிகளின் நுட்பங்களிலிருந்தும் இயன்றவரை விடுபட்டதாக, இயற்கை நீதிக்கு முரணாகாதவாறு, விசாரணை நடைபெறலாம் என்பது அச்சட்டத்தின் கருத்து. தாளில் நோக்கும்போது இது ஏழைக்குச் சாதகமான ஏற்பாடு. சம்பிரதாயம் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம் அன்றோ? அவ்வாறு நிகழவில்லை. சம்பிரதாயத்தின் இடத்தைப் பத்திரம் பிடித்துக்கொண்டது. செக்ரோல் பிரதி, பாடசாலை இடாப்பு, பிறப்புப் பதிவு என்பன பேசின. இவையெல்லாம் தோட்ட நிருவாகம் எழுதி வைத்தவை. அஃதாவது, ஓர் ஆள் இங்கே வாழ்ந்தாரா என்று அரசு கேட்டபோது விடை சொன்னது மூலதனத்தின் கணக்கேடு. இயற்கை நீதி என்னும் கொள்கையின் முதல் விதி பாதிக்கப்படுபவரைக் கேள் என்பதாகும். அவ்விதியைச் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு, பாதிக்கப்பட்டோருள் பெரும்பகுதியினரைப் பாதிக்கப்பட்டோர் என்றே கருதாமல் விட்டமை இச்சட்டத்தின் தனிச்சிறப்பு.

சிறுபிள்ளை என்ன அறியும் என்று கேட்கப்படலாம், இன்றும் கேட்கப்படுகின்றது. இதற்கு விடை அன்றைய இலங்கைச் சட்டத்திலேயே இருந்தது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 118ஆம் பிரிவு எல்லோரையும் சாட்சி சொல்லத் தகுதியுடையோராகவே கொள்கின்றது. இளமையினால் கேள்வியை விளங்கிக்கொள்ளவோ விடைகூறவோ இயலாதவர் என நீதிமன்றம் கருதினாலன்றி எந்தப் பிள்ளையையும் அது விலக்குவதில்லை. ஆகவே, லயத்திலே நிகழ்ந்த கொலையைக் கண்ட எட்டு வயதுப் பிள்ளை குற்றவியல் நீதிமன்றத்தின் கூண்டிலே ஏறிச் சாட்சி சொல்லலாம். அச்சாட்சியத்தைக் கொண்டு ஒருவனைத் தூக்குமேடைக்கும் அனுப்பலாம். அதே பிள்ளை தான் எந்த நாட்டுக்கு அனுப்பப்படவிருக்கின்றது என்னும் விடயத்திலே ஒரு சொல் சொல்லத் தகுதியற்றது. பிள்ளைக்குப் பகுத்தறிவு இல்லை என்று சட்டம் கருதியிருந்தால் இரண்டிடத்திலும் கருதியிருக்கவேண்டும். ஆகவே இது அறிவு பற்றிய கேள்வியன்று. யாருடைய தேவைக்காகப் பேச்சுக் கேட்கப்படுகின்றது என்னும் கேள்வி. அரசுக்குச் சாட்சி வேண்டியபோது பிள்ளைக்கு நாவு இருந்தது.

1964இன் ஒப்பந்தமும் அதனை நடைமுறைப்படுத்த வந்த 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமும் இம்முறையை விரிவாக்கின. நான்கு பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை, ஏழு பேருக்கு இந்தியா என்னும் விகிதம் மலையகத்தின் அன்றாடப் பேச்சிலே புகுந்தது. விண்ணப்பக் காலம் 1970இல் முடிவடைந்தது. 1974 ஜனவரியில் இந்திரா காந்தியோடு செய்த ஒப்பந்தம், எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாக 75,000 என வகுத்தது. மாந்தரை அரையும் பாதியுமாகப் பங்கிடும்போது குடும்பம் எந்தப் பாதியில் வரும் என்பது எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. விண்ணப்பத்தின் மேலே எழுதப்பட்ட பெயரைப் பொறுத்தது. வயதுவந்த மகன் தனி விண்ணப்பக்காரன். அவன் ஒரு நாட்டுக்கும் பெற்றோரும் இளைய பிள்ளைகளும் மறு நாட்டுக்கும் ஆயினர். அண்ணனுக்குத் தெரிவு இருந்தது. அது எத்துணை இடுக்கமான தெரிவாயினும் அவன் பெயரால் இருந்தது. தங்கை தந்தையின் கடவுச்சீட்டிலே ஒரு வரி.

1970களின் முற்பகுதியிலே தோட்டங்களை வாட்டிய பஞ்சமும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் தயங்கி நின்றோரையும் கப்பலேற்றின. தலைமன்னார் இராமேஸ்வரம் கப்பற்சேவை 1984இலே நின்றுபோகும் வரை மூன்றேகால் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். அவர்களோடு இயற்கைப் பெருக்கம் என்னும் தலைப்பின் கீழ் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். தாயகம் திரும்பியோர் என்று இந்திய அரசு இவர்களை அழைத்தது. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் வேறு மறுவாழ்வுத் திட்டங்களிலும் குடியேற்றப்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை, ஒருபோதும் கண்டறியாத இடத்துக்கு எவ்வாறு திரும்புவது என்னும் கேள்விக்கு அதிகார மொழியிலே விடையில்லை. கேட்டிருந்தால் அவர்கள் எல்லோரும் போகமாட்டோம் என்றே சொல்லியிருப்பர் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல், கேளாமலே அவர்களுக்காகப் பேசும் பழைய வழக்கத்தின் இன்னொரு வடிவமாகிவிடும். லயத்தின் இருட்டையும் பசியையும் விட்டுப் போவதே நன்று என்று பலர் சொல்லியிருத்தல் கூடும்.

முற்போக்கு அணியினரிடையே ஓர் எதிர்வாதம் உண்டு. பிள்ளையின் தனிக்குரல் என்பது தனியாள்வாதம். உழைக்கும் குடும்பத்தின் ஒற்றுமையை அது பிளக்கும். வேண்டுவது வர்க்கத்தின் கூட்டுக்குரலே என்பது அது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. குடியேற்ற ஆட்சிக் காலம் தொட்டு, ‘பிள்ளையின் நலன்’ என்னும் பெயரால் ஏழைகளின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் மிஷன்களிலும் அடைத்த அனுபவம் பல நாடுகளுக்கு உண்டு. ஆயினும் மலையகத்திலே குடும்பத்தைப் பிளந்தது பிள்ளையின் குரலா என்று வரலாற்றைக் கேட்போமாயின் விடை தெளிவு. குரலற்ற பிள்ளைகள் தந்தையின் பத்திரத்தோடு கட்டப்பட்டிருந்த காலத்திலேதான் குடும்பங்கள் கடலின் இருகரையிலும் சிதறின. குடும்பம் ஒன்றெனக் கொள்வது தோட்டத்தின் கணக்கு முறை. அதனைத் தொழிலாளரின் ஒற்றுமை என்று மயங்கலாகாது. 1948இலே இச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்த இடதுசாரிக் கட்சிகளின் நிலைப்பாடு பெருமைக்குரியது. அவ்வெதிர்ப்பும் தொழிலாளியின் வாக்குரிமையையே மையமாகக் கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வாக்கில்லாத வயதினரின் உரிமை பற்றி எண்ணுவதற்கு அப்போது கோட்பாட்டுக் கருவி இருக்கவில்லை. இப்போது உண்டு.

இவ்வரலாறு 1984இலே முடியவில்லை. 1983க்குப் பின்னர்த் தமிழ்நாட்டு முகாம்களை அடைந்த ஏதிலியருள் மலையகத்தவரும் கணிசமாக இருந்தனர். இந்தியாவிலிருந்து சென்றோரின் வழித்தோன்றல்கள், இந்தியாவிலே அந்நியராகப் பதியப்பட்டனர். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவர்களது பிரசாவுரிமைக் கோரிக்கை பரிசீலிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2022இலே அதே மன்றத்துக்கு, 1980களின் நடுப்பகுதியிலே மண்டபம் முகாமிற் பிறந்த பெண்ணொருவரின் வழக்கு வந்தது. 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையே இந்திய மண்ணிற் பிறந்த எவரும் பிறப்பினாலேயே பிரசை என்பது இந்தியச் சட்டம். அவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு மன்றம் பணித்தது. சட்டத்திலே எவ்விதச் சிக்கலும் இல்லை. பிறந்த நாளிலேயே பிரசையாகியிருந்த அவர், பெற்றோரின் ஏதிலி அட்டையின் உள்ளே ஒரு பெயராகவே வளர்ந்து, தம் முப்பதுகளின் நடுவிலே தாமே மன்றுக்குச் சென்று சொல்லும்வரை அது யாருக்கும் தெரியாமற் போயிற்று என்பதே செய்தி.

பிற நாடுகளிலும் இப்போக்கு மெல்ல மாறி வருகின்றது. தான்சானியத் தாய் ஒருவரை நாடு கடத்துவது பற்றிய வழக்கிலே, 2011 பெப்ரவரியில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றத்தின் சார்பிலே தீர்ப்புரைத்த ஹேல் சீமாட்டி, பிள்ளைகளின் கருத்தை அறிதலின் இன்றியமையாமையைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையைச் சுட்டியே வலியுறுத்தினார். பிள்ளைகளின் நலன் எப்போதும் பெற்றோரின் நலனோடு ஒன்றாகவே இருக்கும் என்று கொண்டுவிடலாகாது என்பதும் அத்தீர்ப்பிலே உணர்த்தப்பட்டது. ஆஸ்திரேலியாவிலே பிறந்த, ஈழத் தமிழ் ஏதிலிப் பெற்றோரின் குழந்தையொன்றின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கிலே, அக்குழந்தைக்கு நடைமுறை நியாயம் மறுக்கப்பட்டது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2020இலே தீர்த்தது. 2021இலே மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது. அப்போது அக்குழந்தைக்கு நான்கு வயதும் நிரம்பவில்லை. பெற்றோரின் விண்ணப்பம் தோற்றபின்னும் பிள்ளைக்கெனத் தனியே ஒரு வழக்கு எஞ்சி நின்றது. ஹட்டனின் 1950களை அறிந்தவர்க்கு இதன் புதுமை புலப்படும்.

இலங்கையிலே 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைச் சட்டத்தளவிலே முடித்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டின் நிரந்தர வதிவாளராய் இருந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை என்பது கடைசிச் சட்டத்தின் சாரம். இயற்கைப் பெருக்கம் என்றிருந்தது வழித்தோன்றல் என்றாயிற்று. எனினும் விசாரணையிலே பிள்ளையின் குரல் என்னும் பிரச்சினை தீர்ந்ததாகக் கொள்ளமுடியாது. 1992இன் சிறுவர் சாசனம் சமவாயத்தின் வாசகத்தைப் பெரிதும் பின்பற்றுகின்றது. அது சட்டமன்று, கொள்கைப் பத்திரம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றங்களும் நிருவாக அதிகாரிகளும் பிள்ளையின் சிறந்த நலனையே தலையாயதாகக் கொள்ளவேண்டும் என்று விதித்தது. அந்நலன் யாதென்று பிள்ளையிடம் கேட்கவேண்டும் என்னும் பகுதி அதில் இடம்பெறவில்லை. 1999இலே சான்றுச் சட்டத்துக்குச் செய்த ஏற்பாடு, துன்புறுத்தப்பட்ட பிள்ளையின் முதற்கூற்றை ஒளிப்பதிவாக ஏற்க இடமளிக்கின்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதுவும் பிள்ளையைச் சாட்சியாகக் கேட்பதற்குரியது.

2013இலே வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கென விதிக்கப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கையைப் பழைய முறையின் புது வடிவமாகக் கொள்ளலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் செல்லலாகாது. மூத்த பிள்ளைகளுடையோர் மாற்றுப் பராமரிப்பாளரைக் காட்டவேண்டும் என்று அது கோரிற்று. 2022இலே வயதெல்லை தளர்த்தப்பட்டது. தோட்டச் சம்பளம் போதாமையால் மத்திய கிழக்குக்குச் செல்லும் ஹட்டன் பகுதித் தாய்மார் பலர். தாயை மறித்ததும் பிள்ளையின் பெயரால். அனுப்பியதும் பிள்ளையின் பெயரால். எவரிடம் விடப்பட விரும்புகிறாய் என்னும் கேள்விக்குரிய கட்டம் அறிக்கையின் மையத்தில் இருந்திருக்கவேண்டும். பத்து வயதுப் பெண்பிள்ளை அதற்குத் தெளிவான விடை வைத்திருக்கும். சில வேளைகளில் அவ்விடை வீட்டார் அறிய விரும்பாத ஒன்றாகவும் இருக்கும்.

பிள்ளை ஹட்டன் நீதவான் நீதிமன்றத்துக்கு வந்துசேரும் வேளையிலும் மொழி என்னும் தடை எஞ்சுகின்றது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, தமிழ் நிருவாக மொழியாக உள்ள பிரதேசங்கள் தவிர்ந்த ஏனையவற்றிலே நீதிமன்ற மொழி சிங்களம் என்கின்றது. மொழி அறியாதவர்க்கு மொழிபெயர்ப்பு உரிமை உண்டு. நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் சில 1999இலே இருமொழி நிருவாகத்துக்குரியனவாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. இருந்தும் பிள்ளையின் சொல் மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாகவே பெரும்பாலும் ஏட்டில் ஏறுகின்றது. பிள்ளைக்காம்பிரா, தொங்கல் காம்பிரா, பிரட்டு என்று அது சொல்வனவற்றுக்கு மற்ற மொழியிலே நேர்ச்சொல் இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழறிந்த மொழிபெயர்ப்பாளருக்கும் அவை உடனே விளங்கிவிடுவன அல்ல. ‘தொங்கல் காம்பிரா’ என்பது லயத்தின் கடைசி அறை. அதிலே ஒரு சம்பவம் நிகழ்ந்தது என்று பிள்ளை சொன்னால், அயலறை ஒரு பக்கம் மட்டுமே உண்டு, மறுபக்கம் கேட்பார் இல்லை என்பதும் அச்சொல்லுக்குள் அடங்கும். ஏட்டிலே அது ‘ஓர் அறை’ என்று பதியப்படுமாயின், பிள்ளை சொன்னதிலே பாதி மன்றுக்கு எட்டுவதில்லை.